சொட்டச் சொட்ட நிற்கும் காரை எதால் துடைப்பது?

வண்டியை எப்படிக் கழுவுவது என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. கழுவி முடித்து, சொட்டச் சொட்ட நிற்கிற வண்டியை எதால் துடைப்பது என்றுதான் கேட்கிறார்கள். வழுவழுவென்று இருக்கும் ஷாமி நல்லதா, நுண்ணிழையில் செய்த மைக்ரோஃபைபர் துண்டு நல்லதா? காற்றடிக்கும் ப்ளோயர் வாங்கினால் துணியே வேண்டாமாமே? பேசாமல் காற்றில் காயவிட்டால் என்ன? எங்கள் செங்கோட்டைக்குப் பக்கத்துப் புளியரையில் புது வண்டி எடுத்த ஒருவர் இந்த மூன்றையும் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, எதைத் தொடுவது என்று தெரியாமல் பழைய பனியனால் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை கிடையாது. என் வண்டி கறுப்பு. வாங்கிய பிறகு வந்த முதல் ஆடியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் நிறுத்திக் கழுவிவிட்டு, மெத்தென்று இருந்த ஒரு பழைய துண்டால் வட்டம் வட்டமாக, அழுத்தி, பளபளவென்று துடைத்தேன். அன்று இரவு பெட்ரோல் போட நின்றபோது பங்க்கின் எல்இடி விளக்கு பானட்டில் விழுந்தது. விளக்கின் பிம்பத்தைச் சுற்றி ஒரு சிலந்தி வலை. கையால் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. நான் ஒரு அடி நகர்ந்தால் வலையும் கூடவே நகர்ந்தது. பானட் முழுக்க மயிரிழைக் கீறல்கள். வெளிச்சம் எங்கே விழுகிறதோ அங்கே இருப்பவை மட்டும் வட்டமாக மின்னுகின்றன, அவ்வளவுதான்.

துண்டு மெத்தென்றுதான் இருந்தது. கீறியது அதற்கும் பெயிண்டுக்கும் நடுவில் மாட்டிய மணல். ஆடிக்காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, செங்கோட்டையில் மணல் பறக்கும். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் கண்ணாடியையே கீறக்கூடியது. காரின் மேல்பூச்சான கிளியர் கோட் பெரும்பாலான வண்டிகளில் 35 முதல் 50 மைக்ரான் கனம்தான். நம் தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரான். பாலிஷ் போட்டுக் கீறலை எடுப்பது என்றால், அந்தப் பூச்சிலேயே கொஞ்சம் சீவி எடுப்பது என்று அர்த்தம். வருடா வருடம் சீவ அதில் சரக்கு கிடையாது.

## எதை வைத்து எடை போடுவது

நான் நாலு விஷயம் பார்ப்பேன். முதலாவது, அந்த முறையில் பெயிண்டை எவ்வளவு தொட வேண்டியிருக்கிறது, தொடும்போது மிச்சமிருக்கும் தூசி எங்கே போகிறது. இரண்டாவது, தண்ணீர் காய்ந்து வெள்ளைத் திட்டு ஆவதற்குள் வேலை முடியுமா. மூன்றாவது, நம் வாசலுக்கு அது ஒத்துவருமா: நிழல், கரண்ட், காற்று. நாலாவது, கடைக்காரர் சொல்லாத செலவு.

இதில் மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். மூடிய கார் ஷெட்டில் எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டு, ஆனி ஆடியில் தெருவில் நின்று அதையே செய்தால் எப்படி? செங்கோட்டைக் கணவாய்க்கு இந்தப் பக்கம் நமக்குக் காற்றும் காய்ந்த மணலும். மலை ஏறி ஆரியங்காவு, தென்மலை போய் வந்தால் மட்கார்டுக்குள் அப்பிக்கொண்டு வரும் செம்மண் சேறு. சேறு சரியாகக் கழுவப்படாமல் கதவின் அடிப்பாகத்தில் ஒட்டியிருந்தால், கீழே சொல்லப்போகிற எந்த முறையும் காப்பாற்றாது. அதை முதலில் தண்ணீரில் ஊறவிட்டு, பீய்ச்சி அடித்துத்தான் எடுக்க வேண்டும்.

## துவர்த்து, பனியன், மஞ்சள் துணி

செங்கோட்டை 1956 நவம்பர் வரை மலையாளச் சீமையோடு இருந்த ஊர். அதனாலோ என்னவோ, ஈரிழைத் துவர்த்து என்கிற மெல்லிய பருத்தித் துண்டு இன்னும் எங்கள் கொடிகளில் தொங்குகிறது. உடம்பு துவட்ட அதற்கு இணை கிடையாது. தண்ணீரை உடனே குடிக்கும், சீக்கிரம் காயும், விலையும் குறைவு.

காருக்கு மட்டும் வேண்டாம். பருத்தி நெசவின் முகம் தட்டை. அகப்பட்ட மணல் துணிக்குள் போக இடம் இல்லாமல் முகத்திலேயே நின்று, துணியோடு சேர்ந்து பெயிண்டின் மேல் இழுபடும். பழைய பனியனில் தையல் மடிப்பு இருக்கும், அதுவும் கீறும். சிக்னலில் விற்கும் மஞ்சள் துணியை டேஷ்போர்டோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒர்க்‌ஷாப்பில் கை துடைக்கும் பனியன் வேஸ்ட்டைப் பெயிண்டுக்குப் பக்கத்திலேயே விடாதீர்கள்.

செலவே இல்லை என்று தோன்றும். பின்னால் பாலிஷ் கடையில் மொத்தமாகக் கட்ட வேண்டிவரும். டயர், வீல், கதவைத் திறந்தால் தெரியும் உள்விளிம்பு, இவற்றுக்குப் பழைய துணி தாராளமாகப் போதும்.

## ஷாமி

அசல் ஷாமி என்பது ஆட்டுத்தோலை மீன் எண்ணெயில் பதப்படுத்திச் செய்வது. நம் ஊர்க் கடைகளில் பிளாஸ்டிக் குழாய் டப்பாவில் சுருட்டி விற்பது பெரும்பாலும் பிவிஏ என்ற செயற்கைச் சரக்கு. காய்ந்தால் அப்பளம் மாதிரி விறைத்துவிடும். நனைத்துப் பிழிந்தால்தான் மெத்தென்று ஆகும். இது தெரியாமல் விறைத்த ஷாமியை நேராகப் பானட்டில் தேய்த்தவர்கள் உண்டு.

தண்ணீர் எடுப்பதில் ஷாமி கெட்டிக்காரன். ஒருமுறை இழுத்தால் பாதிக் கண்ணாடி காய்ந்துவிடும். பிழிந்தால் மறுபடி தயார். எங்கள் தெருவில் டாக்ஸி ஓட்டும் தம்பி பத்து நிமிடத்தில் முழு வண்டியையும் துடைத்துவிட்டு ஸ்டாண்டுக்குப் போய்விடுவார். ஆனால் அதன் வழுவழு முகம்தான் அதன் குறையும். தூசி ஒளிய அதில் ஒரு பொந்து கூட இல்லை. மணல் ஒன்று அகப்பட்டால் கடைசி வரை அது பெயிண்டின் மேலேயே பயணம் செய்யும். தண்ணீர் முழுக்க எடுபட்டு ஷாமி பெயிண்டைக் கவ்விப் பிடிக்கும்போது, வழுக்கிக்கொடுக்க நடுவில் ஈரம்கூட இருக்காது.

டப்பாவில் ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சை பிடித்து நாறும். வெளியே காயவிட்டால் விறைத்து, மடிப்பில் வெடிக்கும். பராமரிப்பு என்று பார்த்தால் சின்னத் தொல்லைதான். தினமும் ஓடும் வெள்ளை வண்டி, வேகம் முக்கியம், நாலு வருடத்தில் விற்கப் போகிறோம் என்றால் ஷாமியைக் குறை சொல்ல மாட்டேன். வெள்ளையில் மயிரிழைக் கீறல் கண்ணுக்கே அகப்படாது. நானே கண்ணாடிக்கு அதைத்தான் வைத்திருக்கிறேன்.

## மைக்ரோஃபைபர் துண்டு

என் ஓட்டு இதற்குத்தான். காரணத்தைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

இது பாலியெஸ்டரும் பாலியமைடும் சேர்ந்த நுண்ணிழை. 80க்கு 20, 70க்கு 30 என்ற விகிதத்தில் வரும். ஒவ்வொரு இழையும் பிளவுபட்டிருப்பதால் நடுவில் ஏராளமான சந்து. தண்ணீர் அந்தச் சந்துகளில் ஏறிக்கொள்ளும். மிச்சம் மீதி தூசியும் முகத்தில் நிற்காமல் பூவிழைகளுக்கு நடுவே உள்ளே போய்விடும். இந்த 'உள்ளே போவது'தான் துவர்த்திலும் ஷாமியிலும் இல்லாதது.

ஆனால் மைக்ரோஃபைபர் என்று அச்சடித்த எல்லாம் ஒன்று இல்லை. பாக்கெட்டில் ஜிஎஸ்எம் என்று போட்டிருக்கும், ஒரு சதுர மீட்டர் துணியின் எடை. 300, 400 உள்ளவை தூசி தட்டவும், போட்ட பாலிஷைத் துடைத்தெடுக்கவும். துவட்டுவதற்கு 500க்கு மேல் பாருங்கள். முறுக்கிய இழைகள் நெருக்கமாக நிற்கும் கனத்த துண்டுகள் 1,000க்கு மேலும் வருகின்றன. ஒன்றிலேயே சின்ன வண்டி முழுக்க முடிந்துவிடும். அளவு 60க்கு 90 சென்டிமீட்டர் இருந்தால் வசதி. கைக்குட்டை அளவில் ஐந்து சேர்த்து மலிவாகக் கிடைப்பதை வாங்கினால் நடுவில் பிழிந்துகொண்டே நிற்பீர்கள். நல்ல துண்டு ஒன்று 500 முதல் 1,000 ரூபாய் வரை ஆகும்.

வாங்கியதும் ஓரத்தில் தைத்திருக்கும் கம்பெனி லேபிளை வெட்டி எறியுங்கள். ஓரத் தையல் நைலான் நூலாக இருந்து விரலில் உறுத்தினால் அந்தத் துண்டு வீலுக்கு. சந்தேகமாக இருந்தால் பரணில் கிடக்கும் பழைய சிடி ஒன்றை எடுத்து, அதன் மின்னும் பக்கத்தில் துண்டை அழுத்தித் தேயுங்கள். ஓரத்தையும் தேயுங்கள். சிடியில் கோடு விழுந்தால் காரிலும் விழும்.

துடைக்கும் முறைதான் பாதி வெற்றி. துண்டை இரண்டாக மடித்துப் பானட்டின் மேல் விரித்து, உள்ளங்கையால் லேசாகத் தட்டி, அப்படியே மேலே தூக்குங்கள். ஒற்றி எடுப்பது. இழுக்க வேண்டாம், வட்டம் போடவே வேண்டாம். தூக்கிய இடத்தில் மெல்லிய ஈரப்படலம் மட்டும் இருக்கும், ஒரு நிமிடத்தில் அதுவும் போய்விடும். நான் இப்படிச் செய்வதைப் பார்த்த டாக்ஸித் தம்பி, "என்ன அண்ணாச்சி, வண்டிக்கு ஒத்தடம் குடுக்கியளா?" என்று கேட்டார். ஒத்தடம்தான். அதைவிடச் சரியான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

கூரையில் ஆரம்பித்து, கண்ணாடி, பானட், டிக்கி, பிறகு கதவுகளின் மேல்பாதி. கதவின் கீழ்பாதி, பம்பர், சக்கரத்துக்குப் பின்னால் உள்ள பகுதி எல்லாம் கடைசியில், வேறு துணியால். அங்கேதான் மண் ஒளிந்திருக்கும். துண்டு ஒருமுறை தரையில் விழுந்தால், எத்தனை உதறினாலும் அன்றைக்கு அது பெயிண்டைத் தொடக்கூடாது. எனக்கு இதில் இரண்டு துண்டு போயிருக்கிறது.

கடைக்காரர் சொல்லாதது இங்கேயும் உண்டு. இந்தத் துண்டை வீட்டுத் துணிகளோடு மெஷினில் போட்டால் பருத்திப் பிசிறெல்லாம் இதில் ஒட்டும். துணி மென்மையாக்கி ஊற்றினால் இழைகளில் படிந்து, துண்டு தண்ணீரைக் குடிக்காமல் தள்ள ஆரம்பிக்கும். பிளீச், கொதிநீர் இரண்டும் ஆகாது. தனியாக, சாதாரண தண்ணீரில், கொஞ்சம் லிக்விட் சோப்பில் அலச வேண்டும். இதைச் செய்ய வீட்டில் ஆள் இல்லை, நேரமும் இல்லை என்றால் ஆயிரம் ரூபாய்த் துண்டு ஆறு மாதத்தில் துவர்த்தைவிட மோசமாகிவிடும்.

## ப்ளோயர்

தொடாமல் காயவைப்பது, ஆகவே கீறலே கிடையாது. கொள்கையளவில் இதை வெல்ல ஒன்றும் இல்லை. கையில் பிடிக்கும் ஐந்நூறு, அறுநூறு வாட் ப்ளோயர் ஆயிரம், இரண்டாயிரத்துக்குள் கிடைக்கிறது. காருக்கென்றே செய்த பெரிய மெஷின்கள் அதைப்போலப் பல மடங்கு. சின்னது முழு பானட்டைக் காயவைக்கத் திணறும். மெழுகோ கோட்டிங்கோ போட்ட வண்டியில் தண்ணீர் மணி மணியாக உருண்டு ஓடும். வெறும் பெயிண்டில் அது அகன்று படுத்துக்கொண்டு நகராது.

அதன் உண்மையான இடம் இடுக்குகள். சைடு மிரரின் அடி, கதவுக் கைப்பிடி, டெயில் லேம்ப் விளிம்பு, கம்பெனிச் சின்னம், பெட்ரோல் மூடி. எத்தனை அழகாகத் துடைத்தாலும் அரை மணி நேரம் கழித்து மிரரிலிருந்து ஒரு கோடு அழுதுகொண்டு இறங்கும் பாருங்கள், அந்தத் தண்ணீரை எந்தத் துணியாலும் எடுக்க முடியாது. காற்றுதான் எடுக்கும்.

இனி நம் வாசலுக்கு வருவோம். தரை ஈரம், கை ஈரம், கையில் கரண்ட் மெஷின். கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஆர்சிசிபி வீட்டில் இல்லாவிட்டால் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். சிமென்ட் போட்ட போர்டிகோ என்றால் சரி. மண் தரை என்றால் கீழே போகும் காற்று அங்குள்ள புழுதியைக் கிளப்பி ஈர வண்டியிலேயே அப்பிவிடும். ப்ளோயரின் வாயை ஒரு சாண் தள்ளியே பிடியுங்கள், பதற்றத்தில் அதன் மூக்கு பானட்டில் இடித்தால் அது மயிரிழைக் கீறலாக இருக்காது. ஞாயிறு காலை ஆறு மணிக்கு அதைப் போட்டால் பக்கத்து வீட்டில் என்ன சொல்வார்கள் என்பதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## ரப்பர் வைப்பர்

கண்ணாடிக்கு மட்டும். பெயிண்டில் ஒரு மணல் மாட்டினால் பானட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரே கோடு. சிலிக்கான் பிளேடு மெத்தென்று இருக்கிறதே என்பார்கள். மெத்தென்று இருந்த என் துண்டின் கதையைத்தான் மேலே சொன்னேனே.

## சும்மா காயவிடுவது

துணியே படாததால் இதுதான் பத்திரம் என்று ஒரு கட்சி இருக்கிறது. பாதி உண்மை. மீதிப் பாதி உங்கள் தண்ணீரைப் பொறுத்தது.

தண்ணீர் ஆவியாகிப் போகும், அதிலிருந்த சுண்ணாம்பும் மெக்னீசியமும் போகாது. அதுதான் வெள்ளைத் திட்டு. குடிநீருக்கான இந்தியத் தர அளவான ஐஎஸ் 10500, கரைந்த உப்புகளுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்று வரம்பு வைக்கிறது, வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 2,000 வரை விடுகிறது. கரைந்த உப்பை அளக்கும், பேனா மாதிரி இருக்கும் டிடிஎஸ் மீட்டரை வைத்து எங்கள் போர் தண்ணீரைப் பார்த்தேன், மூன்று இலக்கத்தின் மேல்கோடியில் நிற்கிறது. இதை வெயிலில் காயவிட்டால் கறுப்பு வண்டிக்கு அம்மை போட்ட மாதிரி ஆகும். உடனே பார்த்தால் வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து ஒற்றி, நன்றாக அலசினால் போய்விடும். சூடான பானட்டில் பல நாள் கிடந்து பூச்சுக்குள் இறங்கிய திட்டு பாலிஷுக்குத்தான் போகும்.

ஆர்ஓ மெஷினின் கழிவுத் தண்ணீரை வீணாக்காமல் காருக்கு ஊற்றுகிறவர்கள் நிறையப் பேர். நல்ல எண்ணம்தான். ஆனால் மெஷின் ஒதுக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. சக்கரம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள், கடைசி அலசலுக்கு வேண்டாம்.

கடைசி அலசலுக்கு நம்மிடம் வேறு சொத்து இருக்கிறது: மழைத் தண்ணீர். சாரல் காலத்தில் மாடியில் முதல் மழையை ஓடவிட்டு, அடுத்ததைக் குடத்தில் பிடித்து வைப்பேன். அதே மீட்டரில் இரண்டு இலக்கத்தைத் தாண்டவில்லை. மெல்லிய துணியில் வடிகட்டி, இரண்டு குடம், கூரையிலிருந்து மெதுவாக ஊற்றினால் போதும். அலச டியூப் தண்ணீர்தான் என்றாலும் முனையில் இருக்கும் ஸ்பிரேயரைக் கழற்றிவிட்டு, வழிய விடுங்கள். பீய்ச்சினால் தண்ணீர் துளித்துளியாக நிற்கும், வழியவிட்டால் ஒரே படலமாக இறங்கிப் பெரும்பகுதியைத் தானே கூட்டிக்கொண்டு போகும். துடைக்கிற வேலை பாதி மிச்சம்.

கழுவியதும் வண்டியை ஓட்டிக் காயவைக்கலாமே என்றால், ஆடியில் புளியரை ரோட்டில் ஈர வண்டியோடு போய்வந்து பாருங்கள். மறுபடி கழுவ வேண்டியிருக்கும்.

## ஒரே பார்வையில்

| முறை | கீறும் ஆபத்து | வெள்ளைத் திட்டு | சொல்லாத செலவு | எப்போது சரி |
|---|---|---|---|---|
| துவர்த்து, பனியன் | அதிகம் | குறைவு | பாலிஷ் | வீல், கதவு உள்விளிம்பு |
| ஷாமி | நடுத்தரம் | மிகக் குறைவு | பூஞ்சை, வெடிப்பு | வெள்ளை வண்டி, டாக்ஸி, கண்ணாடி |
| மைக்ரோஃபைபர் | குறைவு, ஒற்றினால் | குறைவு | தனிச் சலவை | கறுப்பு, கருநீலம், சிவப்பு |
| ப்ளோயர் | இல்லை, தரை சுத்தமென்றால் | இடுக்கில் இல்லை, பானட்டில் மிஞ்சும் | ஆர்சிசிபி, சத்தம் | மூடிய போர்டிகோ |
| ரப்பர் வைப்பர் | அதிகம் | குறைவு | | கண்ணாடி |
| காயவிடுவது | இல்லை | போர் தண்ணீரில் அதிகம் | வினிகர், பாலிஷ் | மழைத் தண்ணீர், நிழல் |

## வாட்டர் வாஷுக்கு விடுகிறவர்கள்

உங்கள் கேள்வியே வேறு. அங்கே எந்தத் துணி என்பதைவிட, அது உங்களுக்கு முன்னால் எத்தனை வண்டியைத் துடைத்தது என்பதுதான் விஷயம். கார்த்திகை, மார்கழியில் மலைக்குப் போய்த் திரும்பும் வண்டிகள் வரிசையாக நிற்கும். சந்தனம், குங்குமம், பானட்டில் கட்டிய மாலையின் நார், சேறு, எல்லாவற்றையும் பார்த்த அதே துணி அடுத்து உங்கள் வண்டிக்கு வரும். நான் சொல்வது ஒன்றுதான்: "தம்பி, துடைக்க வேண்டாம். ஏர் மட்டும் அடிச்சுத் தண்ணியோட குடுங்க." முதல்முறை விநோதமாகப் பார்ப்பார்கள். என் துண்டு டிக்கியில் ஒரு கவருக்குள் இருக்கும், அங்கேயே நிழலில் நின்று ஒற்றிவிடுவேன்.

## நான் செய்வது

காற்று அடங்கிய அதிகாலை, போர்டிகோ. வழியவிட்டு அலசல், கிடைத்தால் மழைத் தண்ணீர். ஒரு பெரிய மைக்ரோஃபைபரால் ஒத்தடம். இடுக்குக்கு ப்ளோயர், வசதி இல்லாதபோது மிரரை மடித்து விரித்துவிட்டு ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு ஒற்று. கண்ணாடிக்கு ஷாமி. முடித்ததும் தெருமுனை வரை ஓட்டி இரண்டு தடவை பிரேக் அழுத்திவிட்டு வருவேன். ஈரம் நின்றால் டிஸ்க்கில் துரு பூக்கும். ஆடியில் காற்று நிற்காத நாட்களில் கழுவுவதே இல்லை, அழுக்கோடு கிடக்கட்டும். அழுக்கைத் துடைக்காதவரை அது கீறாது.

துண்டை அலசியபின் மாடிக் கொடியில் போடக்கூடாது. காற்று அதில் மணலை ஏற்றிவிடும். நான் வீட்டுக்குள், தார்சாவில் தனியாக ஒரு கொடி கட்டி அதில் காயப்போடுகிறேன். அதில் ஒரு ஆபத்து இருந்தது, போன சாரலில்தான் தெரிந்தது. புனலூரிலிருந்து வந்த மாமா, எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்த ஈரத் தலையோடு நேராக உள்ளே போய், கொடியில் கிடந்ததை எடுத்துத் துவட்டிக்கொண்டார். "நல்லா உறிஞ்சுதே மருமகனே, இது எங்கே வாங்கினே?" என்றார். எண்ணெய் ஏறிய துண்டால் கறுப்பு வண்டியைத் தொட்டால் பானட் முழுக்கப் பட்டை பட்டையாகப் பூசிக்கொண்டே போகும். வைத்துக்கொள்ளுங்கள் மாமா என்று கொடுத்துவிட்டேன். அந்தத் துண்டு இப்போது புனலூரில் இருக்கிறது.